ஒரு வரி விட்டு ஒரு வரி

ஆபீஸின் அறுபது பேர் பட்டியலை எக்செல்லில் வடிகட்டி, தீபத்தன்று கிரிவலப் பாதையில் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ட்யூட்டி விழுந்த இருபது பேரை மட்டும் நிறுத்தியிருந்தான் கோபி. ஒரு வரி விட்டு ஒரு வரி அடித்திருந்த சாம்பல் கலர், வடிகட்டியதில் குளறுபடியாகி மூணு வரி சேர்ந்தாற்போல் நின்றது.

"விட்டுத் தொலைப்பா. ஃபேக்ஸ்ல போற லிஸ்ட்டுக்கு எதுக்கு அலங்காரம்?" என்றார் சூப்பிரண்டு சுப்பிரமணி.

"தெரியுற வரியை மட்டும் எண்ணி அடிச்சிடுறேன் சார்."

டீக்குக்கூட எழுந்து போகாமல் அடித்து முடித்தான். முடித்ததைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் அழித்தான்.

"இப்ப என்னப்பா?"

"முதல் வரியிலேருந்து அடிச்சிட்டேன் சார். ரெண்டாவதுலேருந்து அடிச்சாத்தான் எடுப்பா இருக்கும்."

இந்தக் காலத்தில் இப்படியொரு பொறுப்பான பிள்ளையா என்று சுப்பிரமணிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஃபேக்ஸைத் தானே போய் அனுப்பினார்.

பத்து நிமிஷத்தில் லிஸ்ட் போன இடத்திலிருந்து போன். "சார், கலர் அடிச்ச வரியெல்லாம் ஒரே கறுப்பா வந்திருக்கு. பேரே தெரியல. தெரியுற பத்து பேருக்கு மட்டும் ட்யூட்டி போட்டுடவா?"

சுப்பிரமணி ரிசீவரைப் பொத்திக்கொண்டு லிஸ்ட்டைப் பார்த்தார். ரெண்டாவது வரியில் கோபி.

"ஏம்ப்பா, நம்ம மெஷின் கலரைக் கறுப்பாக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாலாவது வரியைப் பாருங்க சார்."

நாலாவது வரியில் அவர் பேர் இருந்தது. பொத்திய கையை மெதுவாக எடுத்தார்.

"தாராளமா போடுங்க. பத்து பேரே ஜாஸ்தி," என்றார்.