கொக்கியில் தொங்கும் குவளை

இந்தக் காலத்தில் மனுஷன் கொடுக்கிற வாக்குக்குப் பியர் நுரையின் ஆயுள்தான் என்று முணுமுணுத்தபடி செட்ரிக் ஊர் மதுக்கடையின் சன்னலுக்கு வெளியே நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம். குட்டி அம்பு எறிந்து விளையாடும் பலகை தொங்கிய சுவரில் இப்போது சாப்பாட்டு விலை எழுதிய கரும்பலகை. மேசைக்கு மேசை முன்பதிவு அட்டை. புது முதலாளி அந்தப் பலகையைக் கழற்றிய அன்றைக்கு, செட்ரிக்கும் அவர் சிநேகிதர் வில்ஃபும் அங்கே வாடிக்கைக்காரர்களுக்கென்று இருந்த கொக்கிகளிலிருந்து தங்கள் தகரக் குவளைகளை எடுத்துக்கொண்டு, இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று சேர்ந்தே வெளியேறினார்கள். செட்ரிக்கின் குவளை வீட்டு அடுப்படியில் கிடக்கிறது. வில்ஃபோ உள்ளே மடியில் துணி விரித்து, வறுத்த மாட்டிறைச்சியைக் குழம்பில் புரட்டிக்கொண்டிருக்கிறார். இவரைப் பார்த்ததும் துணியோடேயே வாசலுக்கு ஓடி வருகிறார்.

"மக இழுத்துட்டு வந்துட்டாடா. அவளுக்குப் பொறந்தநாளு. இந்த ஒரு தடவைதான், சத்தியமா."

"மோவாயில குழம்பு. தொடச்சுக்க."

"உள்ள வாடா, ஒரு குவளை நான் வாங்கித் தர்றேன்."

செட்ரிக்கின் கண் வில்ஃபின் தோளைத் தாண்டிப் போகிறது. கல்லாவுக்கு மேலே வாடிக்கைக்காரர்களின் கொக்கிகள் வெறுமையாக வரிசை கட்டியிருக்கின்றன. ஒன்றில் மட்டும், பிடி நசுங்கிய வில்ஃபின் குவளை சன்னல் வெளிச்சத்தில் மினுங்குகிறது.

"ஒரு தடவை வந்தவனுக்குக் கொக்கியில குவளை எதுக்குடா?"

வில்ஃப் திரும்பிப் பார்க்கிறார். "அது... அவங்களா மாட்டினதுடா."

"ஆமாமா. குவளை உன் வீட்லேர்ந்து தானா நடந்து வந்துச்சு."

செட்ரிக் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஈரச் சாலையில் இறங்கி நடக்கிறார். பின்னால் வில்ஃப் இன்னும் சத்தியம் செய்துகொண்டிருக்கிறார்.