காலை நாலரை

'இந்தத் தடவையும் பழி என் மேலதான்.' எடை மெஷினின் முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே கங்கா நினைத்தாள்.

நாற்பத்தாறு கிலோ. மகள் நிலாவுக்கு வயது ஒன்பது. ஆறு மாதத்தில் ஐந்து கிலோ ஏறியிருந்தது.

"என்னம்மா குடுக்கறீங்க இவளுக்கு?" என்றார் டாக்டர் ஜெபகுமார். படப்பையில் அவருடைய கிளினிக்குக்கு வெளியே படிக்கட்டு வரை கூட்டம்.

"ரெண்டு இட்லிதான் சார். சிப்ஸ், ஜூஸ் எல்லாம் நிறுத்தியாச்சு."

"நாலு சார்," என்றாள் நிலா. "அம்மா ரெண்டு குடுக்கும். நானா ரெண்டு எடுத்துப்பேன். பசிச்சிக்கினே கீது."

கங்காவுக்கு முகம் சுருங்கியது. கம்பெனியில் பக்கத்தில் நின்று வேலை செய்யும் காவேரி, "நீ இளைச்சிக்கினே போற, உன் பொண்ணு ஊதிக்கினே போறா. உன் பங்கையும் அவளே துன்றாளா?" என்று கேட்டபோது எல்லோருடனும் சேர்ந்து சிரித்தவள்தான். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

டாக்டர் நிலா பக்கம் திரும்பினார். "நைட் எப்போ தூங்குவ?"

"பத்தரை. அப்பா ஷிப்ட் முடிச்சு வந்தாதான் தூங்குவேன்."

"எழுந்திருக்கிறது?"

"நாலரை."

"நாலரையா!" டாக்டர் பேனாவை மேஜையில் போட்டார். "ஆறு மணி நேரம் போதுமாம்மா? இந்த வயசுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் தூங்கணும். தூக்கம் குறைஞ்சா பசி அதிகமாகும், எடை ஏறும். ஸ்கூல்ல தூங்கி வழியறியா?"

"மேத்ஸ்ல மட்டும் சார்."

"பாருங்க! நீங்க பண்ற தப்புக்கு இட்லி என்ன பண்ணும்? பச்சைக் குழந்தையை நாலரைக்கு எழுப்பச் சொல்லி எந்த மடையன் சொன்னான் உங்களுக்கு?"

கங்கா கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தாள். ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி. 'ஆறேகாலுக்கு எனக்குக் கம்பெனி பஸ் சார்' என்று அவள் சொன்னதும் அவரே யோசித்துக் குறித்துக் கொடுத்த நேரம்: 'தினமும் காலை ஐந்து முதல் ஆறு வரை நடைப்பயிற்சி. ஒரு நாளும் தவறக் கூடாது.' கீழே அவருடைய கையெழுத்து, முத்திரை.

டாக்டர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது. "அதைக் குடுங்கம்மா. கிழிச்சிட்டுப் புதுசா எழுதித் தரேன்."

கங்கா சீட்டை நான்காக மடித்தாள்.

"புதுசா எழுதிக் குடுங்க சார். இது எங்கிட்டயே இருக்கட்டும்."