வெட்டிய பக்கம்

தங்கையின் சாப்பாட்டு மேசைமேல் புத்தகத்தைப் பொத்தென்று போட்டார் அண்ணன்.

"நடுவுல ஒரு தாளைக் காணோம். பிளேடால வெட்டியிருக்கு. மாப்பிள்ளை சவரம் பண்ணிட்டு நுரை துடைச்சாரா?"

"அவரை இழுக்காதண்ணா. நான்தான் வெட்டினேன்."

"கூசாம சொல்ற. விண்கப்பல் போர் நாவல், பன்னிரண்டு பாகம். இருபது வருஷமா அலைஞ்சு சேர்த்தேன். உன்னை நம்பி இரவல் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். அது எந்தப் பக்கம்னாவது தெரியுமா உனக்கு?"

"நகரத்து மேல குண்டு போடச் சொல்றாங்க. கேப்டன் மாட்டேன்னு சொல்றான்."

"கதைக்கு உசிரே அதுதானடி!"

"உன் மருமகன், என் பிள்ளை, அவனும் அதைத்தாண்ணா சொல்லியிருக்கான். எல்லையில காவலுக்கு நிக்கிறான்னு நான் சொன்னது பொய். ஊருக்குள்ள சுடச் சொன்னாங்களாம், மாட்டேன்னுட்டான். மூணு மாசமா ராணுவச் சிறையில இருக்கான். உள்ள புத்தகம் விடமாட்டாங்க. அந்த ஒரு பக்கத்தை மட்டும் கடிதத்துல வச்சு அனுப்பும்மான்னு எழுதியிருந்தான்."

அலமாரியைத் திறந்து ஓர் உறையை நீட்டினாள். வெட்டிய தாள் உள்ளேயே இருந்தது. அதன் குறுக்கே 'அனுமதி இல்லை' என்று சிவப்பு முத்திரை.

அண்ணன் முத்திரையையே வெறித்துப் பார்த்தார். வந்தபோது இருந்ததைவிட இப்போதுதான் முகம் அதிகமாகச் சிவந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேப்பரும் பேனாவும் எடு. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். கப்பலை பஸ்ஸாக்கி, கேப்டனை டிரைவராக்கி, மாமா எழுதற கடிதமா எழுதறேன். அவனுக்குப் புரியும். முத்திரை குத்தற பயலுக்கு எங்க புரியப் போகுது?"