சின்னப் பல்சக்கரம்

"சார், வேகத்தைக் கூட்டத்தான் எல்லாரும் வருவாங்க. நீங்க குறைக்கச் சொல்றீங்களே!" சைக்கிள் மெக்கானிக் தலையைச் சொறிந்தான்.

"பெடல்கிட்ட இருக்கிற பெரிய பல்சக்கரத்தைக் கழட்டிட்டு, இருக்கிறதுலயே சின்னதா ஒண்ணு போடுங்க" என்றார் கணக்கு வாத்தியார்.

"அதுக்குத் தோதா செயினை வெட்டணும், கியரையும் திருப்பி செட் பண்ணணும். அப்புறம் என்ன மிதிச்சாலும் வண்டி ஆமை மாதிரிதான் போகும்."

"போகட்டும்."

வாசலில் தன் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற அவர் மனைவி சிரித்தாள். "அவருக்கு வயசாயிடுச்சு தம்பி. பாலம் வரைக்கும் போட்டி வெச்சா தினமும் நான்தான் முதல்ல. பாவம், மிதிக்க லேசா இருக்கிற மாதிரி பண்ணிக் குடுங்க!"

மெக்கானிக்கும் சிரித்துவிட்டான். அவள் தண்ணீர் வாங்க எதிர்க்கடைக்குப் போனதும் வாத்தியார் குரலைத் தாழ்த்தினார்.

"அவ ஹார்ட்டு ஓஞ்சுக்கிட்டே வருது தம்பி. டாக்டர் கையை விரிச்சிட்டார். 'ஆசைப்படறதை மெதுவா செய்யட்டும்'னு சொல்லிட்டார். அவளுக்குத் தெரியாது. இத்தனை நாளா மிதிக்காம பின்னாலயே உருண்டு வந்தேன். மிதிக்கிறதை நிறுத்தினா பின்சக்கரம் கிர்ருனு கத்திக் காட்டிக் குடுத்துடுது. நேத்து திரும்பிப் பார்த்துட்டு, 'ஏங்க, விட்டுக் குடுக்கறீங்களா?'ன்னு கேட்டுட்டா."

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தான்.

"நான் உயிரைக் குடுத்து மிதிக்கணும் தம்பி. அப்பவும் தோக்கணும்."