அண்ணிக்கு ஏற்ற ஜோடி

“உங்க தங்கச்சியோட இனிமே என்னால ஓட முடியாதுங்க. இன்னைக்கு மலை ஏறி முடிச்சதும் சொல்லிடப் போறேன்.”

அண்ணி இதைச் சொன்னபோது கணவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவருக்குப் பழகிப்போன சங்கதி. தலையை மட்டும் ஆட்டினார், எந்தப் பக்கம் என்று தெரியாதபடி.

அண்ணி கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி நடத்துகிறாள். கணவரின் தங்கைக்கு மட்டுமல்ல, அங்கே படித்துப்போன அத்தனை பேருக்கும் அவள் அண்ணிதான். பிரேக்கை மதிப்பவர்தான் நல்ல டிரைவர் என்று நாள் முழுக்கச் சொல்லுவாள். எல்லாம் ஊருக்கு உபதேசம். அவளுக்கு மட்டும் பிரேக்கே கிடையாது.

போன வருடம் மலையிலும் காட்டிலும் நடந்த ஓட்டப் போட்டியில் அது தெரிந்தது. எங்கும் நிற்காமல் ஏறினாள். பாதி வழியில் மயங்கி விழுந்து ஜீப்பில் இறங்கி வந்தாள். கேட்டவர்களிடம் வெயில் என்றாள், சாப்பாடு என்றாள், வழியில் கிடந்த ஒரு பாறையைக்கூடக் குறை சொன்னாள்.

இந்த வருடம் எல்லைக் கோட்டைத் தொட்டே தீருவது என்று சபதம். போட்டியில் ஜோடியாகத்தான் ஓட வேண்டும், சேர்ந்தே போய்ச் சேர வேண்டும். போன வருடம் கூட ஓடிய தோழி கும்பிடு போட்டு ஒதுங்கிவிட்டாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் தானாகவே முன்வந்தாள்.

வந்ததுதான் வினை. பயிற்சியில் கொஞ்ச தூரம் ஏறினால் போதும், பின்னாலிருந்து குரல் வரும்.

“அண்ணி, ஒரு நிமிஷம். லேஸ் அவுந்துருச்சு.”

அண்ணி ஒரு மரத்தைப் பிடித்து நின்றுகொண்டு, மூச்சு வாங்க வாங்கத் திட்டுவாள். மருந்துப் பொட்டலம் கட்டுகிறவளுக்கு ஒரு முடிச்சு ஒழுங்காகப் போடத் தெரியாதா என்று ஆரம்பிப்பாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடர்வாள். அவள் திட்டி முடிப்பதற்குள் நாத்தனார் கட்டியாயிற்று என்று எழுந்துவிடுவாள். அடுத்த வளைவில் திரும்பவும் அதே குரல்.

பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள், காலில் சக்கரம் கட்டியவள். கேட்டதும் ஓட வருகிறேன் என்றாள். ஜோடியை மாற்ற இன்றுதான் கடைசி நாள்.

உச்சிக்குப் போய்ச் சொல்லலாம் என்றுதான் அண்ணி நினைத்திருந்தாள். ஆனால் செங்குத்தான ஏற்றத்தின் பாதியிலேயே அந்தக் குரல் வந்துவிட்டது.

வழக்கமாகத் திரும்பிக்கூடப் பார்க்காதவள், அன்று தடதடவென்று கீழே இறங்கி வந்தாள்.

“காலை நீட்டு. நானே ரெட்டை முடிச்சு போட்டு விடுறேன்.”

“ஐயோ, வேணாம் அண்ணி. நீங்க போய்த் தண்ணி குடிங்க.”

நாத்தனார் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அண்ணி விடுவாளா? பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள். மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்து, அட்டைக்குப் பயந்து பாதம்வரை இழுத்துவிட்டிருந்த பேண்ட்டைத் தூக்கினாள்.

ஷூவில் லேஸே இல்லை. இழுத்து ஒட்டுகிற பட்டைதான் இருந்தது. இன்னொரு காலையும் தூக்கிப் பார்த்தாள். அதிலும் பட்டைதான்.

அண்ணி நிமிர்ந்தாள். நாத்தனார் முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. மூச்சும் வாங்கவில்லை. சிரிப்பை அடக்கத்தான் திணறிக்கொண்டிருந்தாள்.

“நிக்கச் சொன்னா நிப்பீங்களா, அண்ணி?”

அண்ணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது. அதற்குள் எங்கிருந்தோ சிரிப்பு கிளம்பிவிட்டது. இரண்டு பேரும் பாதையிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். மேலேயிருந்து இறங்கி வந்த யாரோ பயந்து ஒதுங்கிப் போனார்கள்.

ஒருவழியாகச் சிரித்து ஓய்ந்ததும், அண்ணி அந்தப் பட்டையை நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டாள்.

“போட்டியன்னைக்கும் இதே ஷூவைப் போட்டுட்டு வா. அடிக்கடி அவுந்துடணும், சொல்லிட்டேன்.”