விசுவாசியின் முன்தொடை

உலகெங்கும் வாழும் தமிழர்களே, வரலாறு குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது: ஒன்றியச் செயலாளர் அம்பலவாணனின் முன்தொடைகள் இரண்டும் வெற்றிகரமாக மாற்றப்பட்டுவிட்டன.

முன்தொடையில் இருக்கும் நான்கு தசைகளும் சேர்ந்து முழங்கால் சில்லைப் பிடித்து இழுத்தால்தான் மனிதன் எழுந்து நிற்க முடியும். அம்பலவாணனுக்கு இப்போது இருப்பவையோ செயற்கைத் தசைகள். கட்சித் தலைவர் இருபதடி தூரத்துக்குள் வந்தாலே அவை தாமாகத் தளர்ந்துவிடும். ஆள் தொப்பென்று காலில் விழுவார். பின்னே, எத்தனை தேர்தலாக எவனெவனோ அவருக்கு முந்தி விழுந்து சீட்டைத் தட்டிக்கொண்டு போகிறான்!

"எந்திரிக்கிறதுக்குன்னு இருக்கிற சதையப் போயி விழுறதுக்கு மாத்திட்டு வந்திருக்கீங்களே, கூறு இருக்கா?" என்றாள் மனைவி செண்பகம்.

"அரசியல் உனக்கு என்னடி தெரியும்? இந்தத் தடவ நான்தான் வேட்பாளர்."

நேர்காணலன்று தலைவர் உள்ளே நுழைந்ததுமே அம்பலவாணன் விழுந்துவிட்டார். மற்ற நாற்பது பேரும் அப்போதுதான் குனியவே ஆரம்பித்திருந்தார்கள். தலைவர் உருகிப்போனார்.

"எந்திரிய்யா. நீதான் வேட்பாளர். வந்து மாலையப் போட்டுக்க."

அம்பலவாணன் முக்கிப் பார்த்தார். தலைவர் பக்கத்திலேயே நின்றதால் கால் நிமிரவில்லை.

"எந்திரின்னு சொல்றேன்ல?"

"முடியலங்கய்யா... நீங்க கொஞ்சம் தள்ளிப் போனீங்கன்னா..."

கட்சியின் முப்பதாண்டு வரலாற்றில் தலைவரைத் தள்ளிப் போகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

தலைமைக்குக் கீழ்ப்படியவில்லை என்று அன்று மாலையே அவரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள்.