முதல் நமஸ்காரம்

"ஒரு சென்ட் நாங்க கட்டலை, மீனாக்ஷி! நாலு வருஷமும் ஸ்காலர்ஷிப்!" என்று சொல்லிக்கொண்டே அனந்தலக்ஷ்மி தட்டில் இன்னொரு கரண்டி கேசரியைப் போட்டாள்.

மீனாக்ஷி அந்த ஆரஞ்சுக் குவியலை ஸ்பூனால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். டெக்சஸில் இந்தக் கேட்டி ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து பக்கத்து வீடு. இவள் பெருமை பேச ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் மென்றுகொண்டே கேட்டாக வேண்டும்.

அனந்தலக்ஷ்மியின் மகன் ஷ்ரேயஸ் மறுநாள் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்புகிறான். பெரிய தனியார் யூனிவர்சிட்டி. அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து. பையன் பேக்யார்டில் சிநேகிதர்களோடு பந்து ஆடிக்கொண்டிருக்க, அம்மா சமையலறையில் அவன் புகழ் பாடிக்கொண்டிருந்தாள்.

"ரக்ஷாவுக்கு என்ன ஆச்சு? ஃபீஸ் கட்டியாச்சா?"

"கட்டணும்."

"கஷ்டமா இருந்தா கம்யூனிட்டி காலேஜ்ல போட்டுடேன். ரெண்டு வருஷம் கழிச்சு ட்ரான்ஸ்ஃபர் பண்ணிக்கலாம். அதுல ஒண்ணும் கேவலம் இல்லை."

'கேவலம்' என்று அவள் அழுத்திய அழுத்தத்தில், அப்பளம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் ரக்ஷாவுக்கு ஆஸ்டின் யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்திருந்தது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அது போய்விடும். உதவித்தொகைக்கு அம்மாவும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து விண்ணப்பம் போட்டார்கள். சம்பளம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, சென்னையில் இருக்கும் ஃபிளாட் என்ன விலை போகும் என்று, அடகுக்கடைக்காரன்கூடக் கேட்காததையெல்லாம் கேட்டுவிட்டு, வருமானம் அதிகம் என்று ஒரே வரியில் கையை விரித்துவிட்டார்கள்.

சரி, கடனாவது வாங்கலாம் என்றால், படிக்கிற பெண்ணுக்குத் தனியாகத் தர மாட்டார்களாம். அவள் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று அப்பா கோ-சைன் பண்ண வேண்டுமாம். கஸ்தூரிரங்கன் கையெழுத்துப் போட்டார். முந்தாநாள் பேங்க் அதையும் தள்ளிவிட்டது. அப்பாவுக்குக் கடன் சுமை அதிகமாம்.

என்ன பெரிய சுமை? வீட்டுக் கடன் ஒன்றுதான். அதுவும் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. யோசிக்க யோசிக்க மீனாக்ஷிக்கு அந்த பேங்க் மீதும், அந்த விண்ணப்பத்தின் மீதும், தட்டில் நெய் மிதக்கும் கேசரியின் மீதும் ஒரே மாதிரி அருவருப்பு வந்தது. தட்டோடு குப்பையில் போட்டுவிட்டுக் கணவரைத் தேடிப் போனாள்.

அவர் கராஜில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏன்னா, பேங்க்ல மறுபடி பேசினேளா?"

"நாளைக்குப் பேசறேன்."

"நேத்திக்கும் நாளைக்குன்னுதான் சொன்னேள். ஆத்துல அவ கதவைச் சாத்திண்டு உக்காந்திருக்கா. இங்க அனந்து எனக்குக் கம்யூனிட்டி காலேஜுக்கு வழி காட்டறா. நீங்க என்னடான்னா காத்து வாங்கிண்டு நிக்கறேள்!"

"மெதுவாப் பேசு, மீனா. அவா காதுல விழப்போறது."

"விழட்டுமே! அவா பிள்ளை மேதாவி, நம்ம பொண்ணு மக்கு. ஊருக்கே தெரிஞ்சுதானே இருக்கு?"

கஸ்தூரிரங்கன் செருப்புக் காலால் தரையைத் தேய்த்தார். அந்தச் சத்தம்கூட அவளுக்குச் சகிக்கவில்லை. பெற்ற பெண்ணுக்காகக் குரலை உயர்த்தத் தெரியாத மனுஷன்!

"ரங்கா, எங்கே ஒளிஞ்சுண்டே? பையன் நமஸ்காரம் பண்ணக் காத்துண்டிருக்கான், வா!" உள்ளேயிருந்து ஷ்ரேயஸின் அப்பா சுவாமிநாதன் கூப்பிட்டார்.

ஹாலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். சுவாமிநாதனின் அண்ணா டல்லாஸிலிருந்து வந்திருந்தார். அங்கே இருந்தவர்களில் அவர்தான் மூத்தவர். முதல் நமஸ்காரம் தனக்குத்தான் என்று வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு கிழக்கே பார்த்து நின்றார்.

"ஒரு நிமிஷம் அண்ணா," என்று அவரை நகர்த்திவிட்டு, சுவாமிநாதன் கஸ்தூரிரங்கனின் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார். "முதல்ல ரங்கன் மாமாவுக்குப் பண்ணுடா. மீனாக்ஷி, நீங்களும் வந்து நில்லுங்கோ."

மீனாக்ஷி வேண்டா வெறுப்பாகப் போய் நின்றாள். ஜீன்ஸ் அணிந்திருந்த அந்த நெட்டைப் பையன் தரையில் விழுந்து இருவரையும் சேவித்தான். அனந்தலக்ஷ்மி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அட்சதை போட்டபோது கஸ்தூரிரங்கன் பையனின் முகத்தைப் பார்க்கவில்லை. தலை குனிந்திருந்தது. ரக்ஷாவை நினைத்துக்கொண்டுவிட்டார் என்று மீனாக்ஷிக்குப் பட்டது. இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளையை ஆசீர்வாதம் பண்ணும்போதா பெண்ணின் ஞாபகம் வர வேண்டும்?

எழுந்த பையனை அவள் விடவில்லை. வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஷ்ரேயஸ், அது என்ன ஸ்காலர்ஷிப்னு எனக்கும் கொஞ்சம் சொல்லேன்பா. ரக்ஷாவும் அப்ளை பண்ணட்டும்."

அனந்தலக்ஷ்மி சட்டென்று நிமிர்ந்தாள். "மீனா, ஆத்துக்குப் போகலாம், வா," என்று கஸ்தூரிரங்கன் அவள் முழங்கையைப் பிடித்தார்.

பையன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஸ்காலர்ஷிப்பா? நோ ஆன்ட்டி, இட்ஸ் எ லோன். ரங்கன் அங்கிள்தானே எனக்குக் கோ-சைன் பண்ணார்!"